கலர் போரோ ராட்: சேர்ந்து கிடந்த கேள்விகள்

கலர் போரோ ராட்டை, அதாவது சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சியை, டார்ச் சுடரில் உருக்கி மணியும் பென்டன்ட்டும் செய்பவர்களிடமிருந்து இரண்டு மாதக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "படத்தில் பார்த்த கலர் எனக்கு வரவில்லை." ராட்டைத் திட்டுவதற்கு முன்னால் டார்ச்சின் கேஸ், ஆக்சிஜன் திருகுகள் இரண்டையும் ஒரு தரம் பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குக் கண்டென்சரும் பிளாஸ்க்கும் ஊதிக்கொடுத்தவன் நான். அங்கே எல்லாமே நிறமில்லாத போரோ. சுடர் முன்னே பின்னே இருந்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. ஓய்வுக்குப் பிறகு கலர் ராட்டைக் கையில் எடுத்தபோதுதான், எனக்குத் தீ வைக்கவே சரியாகத் தெரியாது என்று தெரிந்தது.

ஆம்பர் பர்பிள் ராட் வாங்கினேன். ஊதாவும் நீலமுமாக வரும் என்றார்கள். எனக்கு வருவது டீத்தூள் கலர். ஏமாற்றிவிட்டார்களா? (கோவை)

இல்லை. அந்த ராட்டில் இருப்பது வெள்ளி. கண்ணாடிக்குள் வெள்ளி முழுக்கக் கரைந்திருக்கும்வரை நிறம் ஏதும் பெரிதாகத் தெரியாது. ஆற வைத்து மறுபடி மிதமாகச் சூடாக்கும்போது அது கூடிக்கூடி மிக நுண்ணிய மணிகளாகத் திரள்கிறது. மணிகள் எந்த அளவில் நிற்கின்றனவோ அதற்கேற்ப நிறம் மாறும். பட்டறையில் இதை ஸ்ட்ரைக் ஆவது என்போம். அளவு மீறித் திரண்டுவிட்டால், நீங்கள் சொன்ன டீத்தூள்தான்.

செய்ய வேண்டியது இது. முதலில் தாராளமாக உருக்குங்கள். உள்ளே மங்கல் எதுவும் இல்லாமல் தெளிய வேண்டும். பிறகு தீயை விட்டு வெளியே எடுத்து, தணல் சிவப்பு முழுக்க அணையும்வரை சுழற்றிக்கொண்டே இருங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சிவப்பு அணைந்தபின் சுடரின் வால் பக்கம், கை நீளத்துக்குத் தள்ளி, உள்ளே வெளியே என்று காட்டுங்கள். முதலில் இளமஞ்சள் புகையும், பிறகு தேன் நிறம், அப்புறம் ஊதா ஓரங்களில் இருந்து ஏறி வரும். கொஞ்சம் குறையாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். சூளையில் அனீல் ஆகும்போது (உள்ளே இருக்கும் அழுத்தம் போக, சூட்டில் நிறுத்தி மெதுவாக ஆறவைப்பது) இன்னும் கொஞ்சம் ஏறும். தாண்டிவிட்டால் மறுபடி தெளிய உருக்கி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்னொரு சங்கதி சுடர். சாம்பாரில் உப்பு தூக்கல் என்கிற மாதிரி, சுடரில் கேஸ் தூக்கல், ஆக்சிஜன் தூக்கல் என்று இரண்டு உண்டு. டார்ச் வாயில் வரிசையாக நிற்கும் சின்ன நீலக் கூம்புகளைப் பாருங்கள். கூம்பு நீண்டு, நுனியில் மஞ்சள் ஆடினால் கேஸ் தூக்கல். கூம்பு குட்டையாகி ஊசிபோல் கூர்ந்து, சீறல் சத்தம் ஏறினால் ஆக்சிஜன் தூக்கல். கேஸ் தூக்கலான சுடர் வெள்ளியை மேல்தோலுக்கு இழுத்துவிடும். எண்ணெய் படர்ந்த மழைத்தண்ணீர் மாதிரி ஒரு மினுக்கம் வரும். சிலர் அதையே வேண்டுமென்று செய்வார்கள். வேண்டாம் என்றால் ஆக்சிஜனைக் கொஞ்சம் ஏற்றி மேலாக ஒரு முறை எரித்துவிடுங்கள். ஊதாவும் நீலமும் எடுப்பாகத் தெரிய, பின்னணியில் கறுப்போ கோபால்ட்டோ ஒரு பூச்சு வைத்து, மேலே நிறமில்லாத போரோவை மூடிப் பாருங்கள். ராட் அதேதான், ஆள் வேறாகத் தெரியும்.

சிவப்பும் மஞ்சளும் எடுத்தால் பொங்கிப் பொங்கிச் சாம்பலாகிறது. (சேலம்)

அவை காட்மியம் கலர்கள். அவற்றில் நிறத்தைத் தருவதே காட்மியச் சேர்மத் துகள்கள்தான். சூடு எல்லை மீறினால் அவை சிதையும், கண்ணாடி கொதிக்கும், சாம்பல் படரும். ஒரு முறை பொங்கிவிட்டால் திரும்பாது, வெட்டி எறியுங்கள். பொங்காமல் இருக்க, ஆக்சிஜன் தூக்கலான சுடரில் டார்ச் வாயிலிருந்து நன்றாகத் தள்ளி, மெதுவாக உருக்க வேண்டும். வெள்ளி ராட்டுக்கு வைப்பதுபோல் வெள்ளைச் சூடு வைக்கக் கூடாது. உருண்டையாகத் திரட்டியதும் நிறமில்லாத போரோவால் மூடிவிட்டால் அதற்கப்புறம் கொஞ்சம் தைரியமாகவே வேலை செய்யலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். காட்மியம் விஷம். புகைபோக்கி இல்லாத அறையில் இந்தக் கலரை எடுக்காதீர்கள். ராவும்போது தண்ணீர் ஊற்றித்தான் ராவ வேண்டும், உலர்ந்த தூள் பறக்கக் கூடாது. டம்ளரின் வாய்படும் இடத்திலும் உட்புறத்திலும் இதை வைக்க வேண்டாம்.

வீட்டில் உடைந்த வளையல் துண்டுகள் நிறைய இருக்கின்றன. போரோ பென்டன்ட் மேல் புள்ளி வைக்கலாமா? அரிக்கமேட்டு மணி மாதிரி வருமா? (புதுச்சேரி)

வைக்கலாம். மறுநாள் காலையில் பென்டன்ட் இரண்டாக இருக்கும்.

வளையல் பிரோசாபாத்தில் இருந்து வந்தாலும் வேறெங்கிருந்து வந்தாலும் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி. சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் அதற்கு போரோவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கணக்கிட்டுப் பாருங்கள்: 10 மி.மீ. நீளத் துண்டு 500 டிகிரி ஆறும்போது வளையல் கண்ணாடி சுமார் 0.045 மி.மீ. சுருங்கும், போரோ 0.017 மி.மீ. வித்தியாசம் தலைமுடி தடிமனில் பாதிகூட வராது. ஆனால் கண்ணாடி ரப்பர் இல்லையே, அந்தப் பாதி முடியைக்கூட அது இழுத்துப் பிடிக்காது. இத்தாலியின் முரானோவில் இருந்து வரும், விரிவு எண் 104 கொண்ட மென்கண்ணாடி ராட்டுகளும் இதே கதைதான். போரோவின் எண் 33. இரண்டையும் ஒரே டப்பாவில்கூட வைக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் நூல் இழுத்துப் பார்ப்பது எளிது. இரண்டு ராட்டின் நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உருக்கி, முடி மாதிரி நீள இழுங்கள். இரண்டும் பக்கவாட்டில் ஒட்டியபடியே இழுபட வேண்டும், முறுக்கக் கூடாது. ஆறியதும் நூல் நேராக நின்றால் ஒத்துப்போகும். வில்லாக வளைந்தால் போகாது. வளைவின் உள்பக்கம் இருப்பது அதிகம் சுருங்கும் கண்ணாடி.

அரிக்கமேட்டைப் பற்றி: அங்கே ஏராளமாகக் கிடைக்கும் குட்டி மணிகள் சுடரில் சுற்றியவை அல்ல. நீளக் குழாயாக இழுத்து நறுக்கியவை. அந்தக் கைவேலை திருப்பதி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை தொடர்ந்தது. போரோவோ ஜெர்மனியில் யேனா நகரத்தில் ஓட்டோ ஷாட் 1880களில் உருவாக்கத் தொடங்கியது. மணியின் வடிவத்தை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியைக் கலக்காதீர்கள்.

ராட்டைத் தீயில் காட்டியதும் பட்டென்று வெடிக்கிறது. மட்டமான சரக்கா? (மதுரை)

பெரும்பாலும் இல்லை. நிறமில்லாத போரோவை ஆய்வகத்தில் நேராகத் தீக்குள் நுழைத்துப் பழகிய கை, கலர் ராட்டையும் அப்படியே நுழைக்கும். என் கையும் அப்படித்தான் நுழைத்தது. பன்னிரண்டு மி.மீ. கோபால்ட் ராட், முதல் நாள். வெடித்த சில் என் சட்டைப் பையில் விழுந்து, பையில் இருந்த பேருந்துச் சீட்டைப் பொசுக்கியது. அன்றிலிருந்து பட்டறையில் பையில்லாத சட்டைதான்.

கலர் ராட் பெரும்பாலும் கையால் இழுத்தது. தடிமன் ஒரே சீராக இராது, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கும், இழுத்த அழுத்தமும் மிச்சம் இருக்கும். உலோக ஆக்சைடு நிறைய சேர்ந்த கலர்களும் வெள்ளை போன்ற ஒளிபுகாத கலர்களும் இன்னும் நொய்ந்தவை. அடுத்து எடுக்கப்போகும் ராட்டின் நுனியைச் சூளை வாயிலோ ஒரு சின்ன ஹாட்பிளேட்டிலோ முன்கூட்டியே சாய்த்து வையுங்கள். தீயில் காட்டும்போது சுடரின் வாலில் தொடங்கி, சுழற்றியபடி பத்துப் பதினைந்து விநாடி கழித்து உள்ளே வாருங்கள். அப்படியும் வெடிக்கும் ராட்டை ஐந்தாறு மி.மீ. தடிமனுக்கு இழுத்து வைத்துக்கொண்டால் பிறகு தொல்லை தராது.

வீட்டு சிலிண்டரும் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் போதுமா? கொரோனா சமயத்தில் வாங்கியது சும்மா கிடக்கிறது. (திருச்சி)

சும்மா கிடப்பது பலர் வீட்டில் கிடக்கிறது! சின்ன டார்ச், ஐந்தாறு மி.மீ. ராட், மணி அளவு வேலை என்றால் ஓடும். ஆனால் போரோ 820 டிகிரிக்கு மேல்தான் இளகவே தொடங்கும், வாகாக வேலை செய்ய 1,200க்கு மேல் வேண்டும். ஐந்து லிட்டரில் பென்டன்ட் அளவுக்குப் போனால் உருகக் காத்திருந்தே மாலை ஆகிவிடும். அதைவிட, ஆக்சிஜன் பற்றாமல் சுடர் தானாகக் கேஸ் தூக்கலாகிவிடும், வெள்ளிக் கலரெல்லாம் அழுக்காகும். பத்து லிட்டர் இருந்தால் கை தாராளமாகும். ஆக்சிஜன் சிலிண்டர் என்றால் 7 கனமீட்டர் பெரிய சிலிண்டர், நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் கணக்கில் பதினோரு மணி நேரம் சொச்சம் வரும்.

கேஸ் விஷயத்தில், விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் சட்டப்படி. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், கீழே காற்று ஓட வழி வேண்டும். இரண்டு லைனிலும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (சுடர் குழாய்க்குள் திரும்பி ஓடாமல் தடுப்பது) வேண்டும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரை எண்ணெய்க் கையால் தொடவே கூடாது, "மரை இறுகுது, ஒரு சொட்டு விடலாமா" என்று கேட்பவருக்கும் அதே பதில்.

நகைப் பட்டறையில் வாங்கிய கூலிங்கிளாஸ் போதுமா? (கும்பகோணம்)

போதாது. மென்கண்ணாடிக்காரர்கள் போடும் டிடிமியம் கண்ணாடிகூட 589 நானோமீட்டர் சோடியம் மஞ்சளை மட்டும்தான் நன்றாக வடிகட்டும். போரோவின் வெள்ளைச் சூட்டுக்கும் அகச்சிவப்புக்கும் டிடிமியத்தோடு வெல்டிங் ஷேட் 3 (வெல்டிங் கண்ணாடியின் கருமை அளவு) சேர்ந்த கண்ணாடி வேண்டும். கலரைக் கணிக்க மட்டும், தீயிலிருந்து வெளியே எடுத்தபின் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பாருங்கள்.

சூளை இல்லை. சாம்பலில் புதைத்து ஆறவைத்தால் அனீல் ஆகுமா? (தஞ்சை)

ஆகாது. மெதுவாக ஆறும், அவ்வளவுதான். சாம்பலோ வெர்மிகுலைட்டோ மணி அளவுப் பொருளை அன்றைக்கு உடையாமல் காக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும். பத்து நாள் கழித்து வாங்கியவரின் கழுத்தில் உடைவது அதுதான். அப்படிச் சேர்த்துவைத்ததை யாராவது சூளை வைத்திருப்பவரிடம் மொத்தமாகக் கொடுங்கள். குளிர்ந்த சூளையில் வைத்து மெதுவாக ஏற்றி, 565 டிகிரியில் பென்டன்ட் அளவுக்கு முக்கால் மணி நேரம் நிறுத்தி, 500 வரை ஒரு மணி நேரமாக இறக்கி, பிறகு அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் தூங்கப் போகச் சொல்லுங்கள்.

சூளையின் மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க, இரண்டு செங்கல் துண்டின் மேல் பாலம் மாதிரி ஒரு மெல்லிய போரோ ராட்டை வையுங்கள். நடுவில் தொங்கிவிட்டால் சூளை மீட்டர் சொல்வதைவிட அதிகம் கொதிக்கிறது. அழுத்தம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போலரைஸ்டு கூலிங்கிளாஸை மாட்டி, திரை கறுக்கும்வரை தலையைச் சாய்த்து, நடுவில் பொருளைப் பிடியுங்கள். மாட்டும் வளையத்திலும் ஒட்டுப்போட்ட இடங்களிலும் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி சூளைக்கு. ஒளிபுகாத கலரில் மட்டும் இந்த வித்தை எடுபடாது.

கோபால்ட் நீலம் வாங்கினால் கறுப்பாக இருக்கிறது. (சென்னை)

நீலம்தான். தடிமனைக் குறையுங்கள். நிறமில்லாத ராட்டின் மேல் நூலாக இழுத்துச் சுற்றுங்கள், ஒரு ராட் ஒரு வருஷத்துக்கு வரும்.

பழைய ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் ஒரு கட்டு நிறமில்லாத ராட், கிலோ கணக்கில் தருகிறார்கள். போரோதானா என்று எப்படித் தெரியும்? (வேலூர்)

மெடிக்கலில் ஒரு பாட்டில் கிளிசரின் வாங்கிக்கொண்டு போங்கள், தண்ணீர் கலக்காதது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி ராட்டை முக்குங்கள். கிளிசரினும் போரோவும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில், 1.47 அருகில், வளைக்கும். முங்கிய பாதி காணாமல் போய்விடும். சோடாக் கண்ணாடி 1.52 பக்கம், அதனால் விளிம்பு நன்றாகத் தெரியும். கட்டில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், பழைய சாமான் கட்டில் இரண்டும் கலந்திருக்கும். ஒவ்வொன்றாக முக்கிப் பாருங்கள். கடைக்காரர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். விலை பேசி முடித்த பிறகு சொல்லலாம்.