பெயர் இருக்கிறது, ஆள் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

மறைந்த படைவீரர்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் துக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம், கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: நினைவுச்சின்னங்களில் ஆயிரக்கணக்கில் பெயர்களைச் செதுக்கி வைக்கிறார்கள். அதையெல்லாம் யார் நின்று படிக்கப்போகிறார்கள்? வெறும் சடங்குதானே?

பதில்: படிக்கிறார்கள். எல்லாப் பெயரையும் படிப்பதில்லை, அவரவர் தனக்கு வேண்டிய ஒரு பெயரைத் தேடி வருகிறார்கள், அது கிடைத்தால் அவர்களுக்குப் போதும். வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் வீரர்கள் நினைவுச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் திறந்தது. அதை வடிவமைத்த மாயா லின் போட்டியில் ஜெயித்தபோது 21 வயதுக் கல்லூரி மாணவி. 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அகரவரிசை கிடையாது, பதவி வரிசையும் கிடையாது, யார் எந்த நாளில் விழுந்தார்களோ அந்த நாள் வரிசை. இப்படி இருந்தால் பெயரை எப்படித் தேடுவது என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான், அதற்குத்தான் பக்கத்திலேயே ஒரு பெயர்ப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே தாக்குதலில் இறந்தவர்கள் சுவரிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதால், அன்றைக்குத் தப்பித்த நண்பர் வந்து நின்றால் அந்த ஒரு நாளே அவர் கண் முன்னால் நிற்கும். அகரவரிசையில் போட்டிருந்தால் அது டெலிபோன் டைரக்டரி.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் கேட் என்ற வளைவு இருக்கிறது. முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமல் போனவர்களில் 54,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் அதில் உண்டு, இந்தியப் படையினரும் உண்டு. அவ்வளவு பெரிய வளைவிலும் இடம் போதாமல் இன்னும் சுமார் 35,000 பேரின் பெயர்களை டைன் காட் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1928லிருந்து தினமும் இரவு 8 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு அங்கே ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற ராணுவ அஞ்சலி இசையை ஊதுகிறார்கள், இரண்டாம் உலகப் போரில் ஊர் ஜெர்மானியர் கையில் இருந்த நாட்களில் மட்டும் அது இங்கிலாந்தில் நடந்தது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. இன்றைக்கும் அந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டும்போது எலும்புகள் கிடைக்கின்றன. யாருடையது என்று உறுதியாகி அவருக்குத் தனிக் கல்லறை அமைந்தால், பிறகு அவர் பெயரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவார்கள். காணாமல் போனவர் என்ற கணக்கு அன்றோடு முடிகிறது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. பெயர் மட்டும் இருந்தால் ஆள் தெரிவதில்லை. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சுவரில் 1,03,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், யாருக்கும் பதவி போடவில்லை. அங்கே 2013லிருந்து தினமும் மாலையில் ஒரே ஒருவருடைய கதையைச் சொல்கிறார்கள், எங்கே பிறந்தார், சண்டைக்குப் போகும் முன் என்ன வேலை பார்த்தார், எப்படி இறந்தார் என்று. தினம் ஒருவர் என்றால் எல்லாரையும் சொல்லி முடிக்க 280 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே.

கேள்வி: வீரரின் இறுதிச் சடங்கில் வானத்தை நோக்கிச் சுடுவதுதானே 21 குண்டு மரியாதை?

பதில்: இல்லை. 21 குண்டு என்பது பீரங்கி மரியாதை, நாட்டுத் தலைவர்களுக்கும் தேசிய நாட்களுக்கும் உரியது. சடங்கில் சில வீரர்கள் வரிசையாக நின்று துப்பாக்கியால் சேர்ந்து மூன்று முறை சுடுவார்கள், அது தனி. ஏழு பேர் மூன்று தடவை சுட்டால் கணக்கு 21 வந்துவிடும், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: ஐயா, என் கணவர் போருக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தவர். அதற்கப்புறம் முப்பது வருஷம் ராத்திரியில் சரியாகத் தூங்கியதே இல்லை. இப்போது இறந்துவிட்டார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர் செய்தது குறைந்த சேவையா?

பதில்: இல்லை, அம்மா. கல்லில் பெயர் போடுகிறவர்களுக்குத் தேதி வேண்டும், அதுதான் விஷயம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டன் மற்றும் காமன்வெல்த் படையினரில் 17 லட்சம் பேரை நினைவுகூரும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் விதியைப் பாருங்கள்: முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 கடைசித் தேதி, இரண்டாவதற்கு 1947 டிசம்பர் 31. அதே காயத்தால் மறுநாள் இறந்தவர் பட்டியலில் வர மாட்டார். நிர்வாகத்துக்கு எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி ஊர் பேசாமல் இருப்பதற்கு அந்த விதி காரணம் ஆகாது.

முன்னே சொன்ன வியட்நாம் சுவரிலும் இதே சிக்கல் வந்தது. ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி ரசாயனத்தால் வந்த நோயில், மனக்காயத்தில், தற்கொலையில் என்று ஊர் திரும்பி வருஷக்கணக்கில் கழித்து இறந்தவர்களைச் சுவரில் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை. குடும்பங்கள் விடவில்லை. 2004இல் அவர்களுக்காகவே பக்கத்தில் ஒரு பலகை பதித்தார்கள். ஒவ்வொருவருடைய பெயரையும் படத்தையும் சேர்த்து வைக்கும் தனிப் பட்டியலும் உண்டு. அமெரிக்காவில் நாள்கூட இரண்டு: மே மாதக் கடைசித் திங்கள் பணியில் இறந்தவர்களுக்கு, நவம்பர் 11 படையில் பணியாற்றிய எல்லாருக்கும். இந்தியாவில் ஜனவரி 14ஐ முன்னாள் படைவீரர் நாளாக வைத்திருக்கிறார்கள், முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது.

உங்கள் கணவரைப் பற்றி யாரிடமாவது சொல்லும்போது அந்தத் தூங்காத முப்பது வருஷத்தை விட்டுவிடாதீர்கள். போர் முடிந்தது என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் அவருக்கு முடியவில்லை, அதுவும் அவர் சேவைக் காலத்தில் சேர்ந்ததுதான் என்பது என் கணக்கு. நீங்கள் அவர் பக்கத்தில் விழித்திருந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: மரணத்தில் எல்லாரும் சமம் என்கிறார்களே, உண்மையில் அப்படித்தான் நடத்தினார்களா?

பதில்: கொள்கை அப்படித்தான். 1917இல் முன்னே சொன்ன போர்க் கல்லறைகள் ஆணையம் தொடங்கியபோதே பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் பெயர், ஒரே மாதிரிக் கல் என்று முடிவெடுத்தார்கள். பணக்கார வீட்டார் மட்டும் உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் விடவில்லை. அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஐரோப்பாவில் பெரும்பாலும் நடந்தும் இருக்கிறது: பிரான்சின் நியூவ் ஷப்பேலில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் 1927லிருந்து இருக்கின்றன. ஆனால் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் கதை வேறு. ஆணையமே ஒரு குழு போட்டு விசாரித்து 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது எந்த நினைவும் இல்லாமல் விடப்பட்டார்கள். இதில் மூட்டை சுமந்தவர்கள் ஏராளம். இன்னொரு 45,000 முதல் 54,000 பேருக்குச் சமமில்லாத மரியாதை, அதாவது கல்லில் பெயர் இல்லாமல் பதிவேட்டோடு நின்றது போன்றவை. இந்தக் கணக்கில் இந்தியர்களும் உண்டு. மன்னிப்புக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் கேப் டவுனில் 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்களின் பெயர்களோடு ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். நூறு வருஷம் பொறுத்து வந்தது, அதனால் எனக்கு முழுசாக சந்தோஷப்பட முடியவில்லை.

கேள்வி: நான் போரை எதிர்ப்பவன். இறந்த வீரர்களுக்கு மரியாதை செலுத்தினால் போரை ஆதரிப்பது போல் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. இதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், போரை ஆதரித்தவர். கண் பார்வை சரியில்லை என்று படையில் நிராகரிக்கப்பட்ட மகன் ஜானை, செல்வாக்கைப் பயன்படுத்திச் சேர்த்துவிட்டார். 18 வயதில், 1915 செப்டம்பரில், லூஸ் போர்க்களத்தில் பையன் இறந்தான். அப்பா 1936இல் சாகும் வரை உடல் கிடைக்கவில்லை. அவர்தான் கல்லறை ஆணையத்தில் சேர்ந்து, அடையாளம் தெரியாதவர்களின் கல்லில் என்ன எழுதுவது என்று வாசகம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரையும் மாவீரர் ஆக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் உலகப் போரில் ஓடிப்போனதற்கும் பயந்ததற்கும் பிரிட்டன் தன் வீரர்களையே சுட்டுக்கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கினார்கள். மனம் உடைந்துபோன பையன்களும் அதில் இருந்தார்கள். அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள், போரை எதிர்க்க அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பெயர் தெரியாத வீரருக்கு எதற்கு அவ்வளவு பெரிய கல்லறை?

பதில்: மகனின் உடல் கிடைக்காத ஒவ்வொரு வீட்டாரும் அது நம் பிள்ளையாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். லண்டனிலும் பாரிசிலும் 1920 நவம்பர் 11 அன்று தொடங்கியது, அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஆர்லிங்டன். ஆனால் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் கண்டுபிடித்துவிடுவதே மரியாதை. ஆர்லிங்டனில் வியட்நாம் போருக்காக 1984இல் அடக்கம் செய்த உடலை 1998இல் தோண்டி எடுத்து டிஎன்ஏ பார்த்ததில், அவர் 1972இல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி மைக்கேல் பிளாஸி என்று தெரிந்தது. குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அறையை மறுபடி நிரப்பவில்லை.

கேள்வி: அப்பா ராணுவத்தில் இருந்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது இல்லை. பேரப்பிள்ளைகளுக்காக அவரைப் பற்றி எழுத ஆசை, எங்கே ஆரம்பிப்பது?

பதில்: அவருடைய படை எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான். பணி விடுவிப்புச் சான்று, ஓய்வூதியத் தாள், பழைய கடித உறை என்று எதிலாவது இருக்கும். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், எல்லாவற்றிலும் இருக்காது, பலவற்றில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய குரூப் போட்டோவில் தொப்பிச் சின்னத்தையும் தோள்பட்டையையும் பெரிதாக்கிப் பார்த்தால் பிரிவு பிடிபடும். அப்புறம் அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

அரசாங்கத்திடம் எல்லாம் இருக்கும் என்று மட்டும் நம்பி உட்காராதீர்கள். அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி படைவீரர் கோப்புகள் எரிந்துபோயின. பிரிட்டனின் முதல் உலகப் போர்க் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940இல் குண்டுவீச்சில் போயின. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தாள்தான் சிலருக்கு ஒரே சாட்சி. முதலில் அதைப் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

கூட இருந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். போய், “சண்டையில் என்ன நடந்தது” என்று ஆரம்பிக்காதீர்கள், வாய் மூடிக்கொள்ளும். அப்பா எந்தக் கட்டிலில் படுப்பார், கடிதம் வந்தால் என்ன செய்வார், யாரிடம் கடன் வாங்குவார், என்ன பாட்டுப் பாடுவார், யாரோடு அவருக்கு ஆகாது, இதையெல்லாம் கேளுங்கள். மற்றது தானாக வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். பேசாமல் இருந்தது அவர் முடிவு, அந்த இடத்தை உங்கள் கற்பனையால் நிரப்பினால் பேரப்பிள்ளைகள் வேறு யாரையோ தாத்தா என்று நினைப்பார்கள். ‘இந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் சொன்னதில்லை’ என்று ஒரு வரி எழுதினாலே போதும். சமையலறையிலேயே பணி முழுவதும் கழிந்திருந்தால் அப்படியே எழுதுங்கள், அந்தச் சாப்பாடு இல்லாமல் யாரும் முன்வரிசைக்குப் போகவில்லை.

கேள்வி: மாமா உயிரோடுதான் இருக்கிறார், வயது 84, பேசுவதற்கும் தயார். எப்படிப் பதிவு செய்வது?

பதில்: போனே போதும். ஃபேனை அணைத்துவிட்டு, போனை ஏர்ப்ளேன் மோடில் போட்டு அவருக்குப் பக்கத்தில் வையுங்கள், ஒரு தடவைக்கு அரை மணி, முக்கால் மணிக்கு மேல் இழுக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000லிருந்து முன்னாள் வீரர்களின் பேச்சைச் சேகரித்துவருகிறது, அவர்கள் கேட்பதும் குறைந்தது 30 நிமிடம்தான். தொடக்கத்தில் அவர் பெயர், படை எண், பிரிவு, பணியாற்றிய வருஷங்கள், பதிவு செய்யும் தேதி எல்லாவற்றையும் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். அழுதால் நிறுத்துங்கள், மறுபடி தொடங்கலாமா என்று அவரே சொல்லட்டும். யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கூடாது என்று அன்றைக்கே கேட்டு வையுங்கள். இறந்துபோன நண்பர்களின் பெயர்கள் வரும்போது இனிஷியலோடும் ஊரோடும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், அந்தப் பெயர்களைத் தேடிக்கொண்டு எங்கோ ஒரு வீட்டில் யாராவது இருப்பார்கள்.