சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வருவது ஏன்?

நிலம், கடல் இரண்டுக்கும் வெயில் ஒன்றுதான், சூடேறும் வேகம்தான் வேறு. ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க, அதே எடை மணலுக்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய 5 மடங்கு வெப்பம் வேண்டும். போதாததற்கு வெயில் நீருக்குள் ஆழமாக இறங்குகிறது, அலையும் அதைக் கலக்கிவிடுகிறது. மணலிலோ மேற்பரப்பு மட்டும் கொதிக்கும். மே மாதம் மெரினாவில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழுந்தால் அங்கே அழுத்தம் குறையும். கடல் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று பலமாக இருந்தால் இதைத் தடுத்துவிடும். கடற்காற்று தாமதமாகும் அந்த நாட்களில்தான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது.

இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று கடலை நோக்கித் திரும்பும். பாய்கட்டிய கட்டுமரங்கள் விடியலில் புறப்பட்டது இந்தக் காற்றை நம்பித்தான்.