கேள்வி–பதில்: அடம் பிடிப்பது பிள்ளை, பயிற்சி அம்மாவுக்கா?

என் மகனுக்கு நாலரை வயது. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறான், தங்கச்சியை அடிக்கிறான். ஆன்லைன் கவுன்சலிங்குக்குக் கேட்டால், "முதல் இரண்டு செஷனுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள்" என்கிறார்கள். பிரச்சினை அவனிடம்தானே?
– வாசகி, திண்டுக்கல்

அவர்கள் சொன்னது சரி. நாலரை வயதுப் பிள்ளையைத் திரை முன் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் புத்தி சொன்னால் ஒன்றும் நடக்காது. பேசித் திருந்தும் வயதில்லை அது. நாள் முழுக்க அவனோடு இருப்பவர் நீங்கள். அதனால்தான் பயிற்சி உங்களுக்கு.

2 முதல் 7 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு பி.சி.ஐ.டி. (பெற்றோர்–பிள்ளை ஊடாட்டச் சிகிச்சை) என்றொரு முறை இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் ஷீலா ஐபர்க் வகுத்தது. மருத்துவமனையில் என்றால் அம்மாவும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாட, நிபுணர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அம்மாவின் காதுக்கருவியில் சொல்லிக்கொடுப்பார். ஆன்லைனில் கண்ணாடிக்குப் பதில் உங்கள் வீட்டுக் கேமரா, காதில் ப்ளூடூத் இயர்போன். பிள்ளை அடம் பிடிக்கும் அதே கூடத்தில் பயிற்சி நடப்பது ஒரு லாபம்.

முதல் கட்டம் தினமும் 5 நிமிட விளையாட்டு. அவன் இழுத்த இழுப்புக்கு நீங்கள் போக வேண்டும். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் கூடாது. "இது என்ன கலர்?" என்பதும் கேள்விதான். நம் வீடுகளில் விளையாட்டு தானாகவே பரீட்சையாக மாறிவிடும். பெரும்பாலான அம்மாக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். செய்ய வேண்டியவை: அவன் செய்வதை வாயால் சொல்வது ("சிவப்புக் கட்டைமேல நீலக் கட்டை வைக்கிறே"), அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, எதற்கென்று குறிப்பிட்டுப் பாராட்டுவது. வெறும் "சமத்து" போதாது; "கட்டையைத் தூக்கி எறியாம கையில குடுத்தே, ரொம்ப நல்லா இருக்கு" என்றால்தான் எதைத் திரும்பச் செய்யலாம் என்று அவனுக்குப் புரியும். 5 நிமிடத்தில் இப்படி வகைக்கு 10 வர வேண்டும். கேள்வி, கட்டளை, குறை எல்லாம் சேர்த்து 3-ஐத் தாண்டக் கூடாது. அதை எட்டிய பிறகுதான் கட்டளை இடுவதும், கீழ்ப்படியாவிட்டால் நாற்காலியில் 3 நிமிடம் உட்கார வைப்பதுமான இரண்டாம் கட்டம். அதை நிபுணர் காதில் இருக்கும்போது பழகுங்கள். வீடியோ பார்த்து நீங்களாகத் தொடங்காதீர்கள்.

பொம்மை என்றால் கட்டை, களிமண், சொப்புச் சாமான். பந்தும் துப்பாக்கியும் வேண்டாம், விளையாட்டு முரடாகிவிடும். கேமராவைத் தரை மட்டத்தில், அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். அவன் வழக்கமாகப் பார்க்கும் போனிலேயே செஷன் வைத்தால் முழு நேரமும் "போன் குடு" என்பதிலேயே போகும். லேப்டாப்போ வேறொரு போனோ நல்லது.

பெரும்பாலும் கெடுவது வேறொரு இடத்தில். அடத்தையும் அழுகையையும் கண்டுகொள்ளாமல் விடுவதும் இந்த முறையில் உண்டு. அப்படி விட்டால் முதல் சில நாட்கள் அழுகை கூடும். கூடியதும் பாட்டி மனம் தாங்காமல் சாக்லேட் கொடுத்துவிடுவார். இவ்வளவு சத்தம் போட்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். பழைய நிலையைவிட மோசம். ஆகவே ஒரு செஷனுக்கு பாட்டியையும் உட்கார வையுங்கள். தங்கச்சியை அடிப்பது கண்டுகொள்ளாமல் விடும் பட்டியலில் வராது. உடனே பிரித்துவிட வேண்டும்.

பேச்சு வயதுக்குத் தக்க வரவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்றால் ஆன்லைனில் நேரத்தைக் கடத்தாதீர்கள். வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறுவயதிலேயே கண்டறியும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் நேரில் காட்டுங்கள்.

கணவர் துபாயில் இருக்கிறார். அவரையும் சேர்த்துக் குடும்ப கவுன்சலிங் செய்ய முடியுமா? அங்கே வாட்ஸ்அப் வீடியோ வருவதில்லை.
– வாசகி, ராமநாதபுரம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு. ஜூம், டீம்ஸ் வேலை செய்யும். நிபுணரிடம் முன்பே சொல்லுங்கள். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அவருக்கு இரவு 8.30 என்றால் இங்கே 10, பிள்ளை தூங்கிவிடும். வெள்ளி, ஞாயிறில் அவருக்கு எது விடுமுறை என்று பார்த்து நேரம் குறியுங்கள். அறையில் பலரோடு தங்கியிருப்பவர் இயர்போன் போட்டால், உங்கள் பேச்சுதான் அடுத்தவருக்குக் கேட்காது. அவர் பேசுவது கேட்கும். மனம்விட்டுப் பேச வெளியே ஓர் இடம் தேவை. பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்லும் நாளில் மட்டும் அப்பாவை அழைக்காதீர்கள். அவர் தண்டனை அதிகாரியாகிவிடுவார்.

15 வயது மகள் ஆன்லைன் கவுன்சலிங்கில் கேமராவை ஆன் செய்ய மறுக்கிறாள். உள்ளே என்ன பேசுகிறாள் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?
– வாசகர், சேலம்

கேமரா இல்லாமல் குரலில் மட்டும் தொடங்கலாம், சில வாரத்தில் பெரும்பாலும் இளகிவிடுவார்கள். 2020-இன் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி சிறார் ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். அதற்காக முழுப் பேச்சையும் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்றில்லை. முதல் செஷனிலேயே மூவரும் இருக்கும்போது எல்லையைப் பேசிக்கொள்ளுங்கள்: தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம், பிறருக்கு ஆபத்து, பாலியல் துன்புறுத்தல் மூன்றையும் நிபுணர் உங்களிடம் சொல்வார். கடைசியது போக்சோ சட்டப்படி காவல்துறைக்கும் தெரிவிக்கப்பட்டே ஆக வேண்டும். மற்றவை அவளுடையவை. செஷன் முடிந்ததும் "என்ன கேட்டாங்க?" என்று வாசலில் நிற்காதீர்கள். ஒட்டுக் கேட்கப்படுகிறது என்று தெரிந்தால் "ம்", "தெரியல" தவிர வேறு எதுவும் அவள் வாயில் வராது.

யாரை நம்பிப் பணம் கட்டுவது?
– வாசகி, திருச்சி

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கும். கேட்டு வாங்கி அந்த அமைப்பின் இணையதளத்தில் சரிபாருங்கள். மருந்து எழுதுபவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவுபெற்ற டாக்டராக இருக்க வேண்டும். வெறுமனே 'கவுன்சலர்', 'பேரன்டிங் கோச்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். என்ன படிப்பு, இந்த வயதுப் பிள்ளைகளோடு எவ்வளவு அனுபவம் என்று கேட்பதில் தவறில்லை. கோபித்துக்கொண்டால் வேறு ஆள் பாருங்கள். 12 செஷனுக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், 2 செஷன் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

செயலி என்றால் தகவல் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பயனாளர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியதில், 2023-இல் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பணம் இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். முதல் உதவிக்கும் வழிகாட்டலுக்கும் நல்லது. வாராவாரம் ஒரே நிபுணரிடம் தொடரும் சிகிச்சைக்கு மாற்றாகாது.

கணவர் கை நீட்டுகிறார். இருவரும் சேர்ந்து ஆன்லைனில் பேசினால் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

சேர்ந்து வேண்டாம். அவர் முன்னால் நீங்கள் சொன்ன உண்மைக்கு, அழைப்பு முடிந்ததும் வீட்டில் விலை கொடுக்க நேரும். திரைக்கு அப்பால் இருப்பவரால் தடுக்க முடியாது. தனியாக, அவர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். போனை அவர் பார்ப்பார் என்றால் வேறொருவர் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அடி விழும் நேரத்தில் அவசர உதவி எண் 112.