வேலை போனது ஃபாஃப்சாவுக்குத் தெரியாது

கேள்வி: கிரீன் கார்டில் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகளுக்கு இந்த ஆகஸ்டில் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 38,000 டாலர் ஆகும் என்கிறார்கள். 2024-இல் எங்கள் இருவர் வருமானம் 1,65,000 டாலர். 2025 அக்டோபரில் கணவருக்கு வேலை போய்விட்டது. வேலையில்லா உதவித்தொகையும் இந்த மாதத்தோடு முடிகிறது. இப்போது என் சம்பளம் 52,000 மட்டும்தான். கல்லூரி அனுப்பிய கடிதத்தில் ஸ்காலர்ஷிப் 6,000, மகள் பெயரில் கடன் 5,500, மீதிக்குப் பெற்றோர் பெயரில் மத்திய அரசு தரும் 'பேரண்ட் பிளஸ்' கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. ஃபோன் செய்து கேட்டால் ஒருவர் "2024 வரிக்கணக்கை யாராலும் மாற்ற முடியாது" என்கிறார், இன்னொருவர் "லெட்டர் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்" என்கிறார். எதை நம்புவது? பிளஸ் கடனை வாங்கிவிடலாமா? மதுரையில் கணவருக்கும் அவர் தம்பிக்கும் பொதுவாக ஒரு வீடு இருக்கிறது. மாமியார் குடியிருப்பதால் வாடகை கிடையாது. நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அதை ஃபாஃப்சாவில் (கல்லூரி நிதியுதவிக்கான மத்திய அரசு விண்ணப்பப் படிவத்தில்) காட்டவில்லை. மகன் ஒன்பதாவது படிக்கிறான்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பிளஸ் கடனில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ஃபோனில் பேசிய இருவரில் இரண்டாமவர் சொன்னதுதான் சரி. அந்த லெட்டரை இந்த வாரமே எழுதுங்கள்.

2026-27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா 2024 வருமானத்தைத்தான் பார்க்கிறது. நீங்கள் சம்மதம் கொடுத்ததும் வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து வரிக்கணக்கு நேராகப் படிவத்துக்குள் வந்துவிடும். முன்பெல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்த படிவம் இப்படித்தான் சுருங்கியது. ஆனால் 2025-இல் வேலை போனதைச் சொல்ல அதில் இடமே கிடையாது. அதனால் உங்கள் மகளுக்கு வந்த எஸ்.ஏ.ஐ. எண் (குடும்பத்தால் எவ்வளவு தர முடியும் என்று படிவத்திலிருந்து போடும் கணக்கு) உங்கள் இன்றைய நிலைமையைக் காட்டவில்லை, இரண்டு சம்பளம் வந்த காலத்து நிலைமையைக் காட்டுகிறது.

இதைச் சரிசெய்ய உயர்கல்விச் சட்டம் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கு நேரடியாக அதிகாரம் கொடுத்திருக்கிறது. 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' என்று அதற்குப் பெயர். வேலை இழப்பு, பெரிய மருத்துவச் செலவு போன்ற சூழ்நிலை ஏற்பட்டால், ஆவணங்களைப் பார்த்து, அந்த ஒரு மாணவருக்கு மட்டும் வருமானக் கணக்கை அவர் மாற்றி எடுக்கலாம். யார் கேட்டாலும் மறுப்பது என்று கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ள 2020 டிசம்பரில் வந்த ஃபாஃப்சா எளிமைப்படுத்தும் சட்டம் இடம் தரவில்லை. இப்படிக் கேட்கலாம் என்பதைக் கல்லூரி பொதுவில் அறிவித்திருக்கவும் வேண்டும். நிதியுதவி அலுவலர் எடுக்கும் முடிவே இறுதியானது, வாஷிங்டனுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே முதல் தடவையே கோப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மகளின் பெயர், மாணவர் எண், 'ஸ்பெஷல் சர்கம்ஸ்டான்சஸ் ரிவியூ (சிறப்புச் சூழ்நிலை மறுபரிசீலனை) கேட்கிறோம்' என்ற வரி மேலே வரட்டும். வேலை போன தேதி, 2024 வருமானம், 2026 முழுவதற்கும் நீங்கள் எதிர்பார்க்கும் வருமானம் ஆகியவை அடுத்து வரட்டும். கடைசி எண்ணில் உங்கள் சம்பளத்தோடு ஜனவரியிலிருந்து வந்த வேலையில்லா உதவித்தொகையையும் சேர்க்க மறக்காதீர்கள். வேலையிலிருந்து நீக்கும்போது நிறுவனம் தரும் செவரன்ஸ் பணம் கணவருக்கு வந்திருந்தால் எவ்வளவு, எப்போது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்டு வாங்கும்படி விடாதீர்கள். பணிநீக்கக் கடிதம், கணவரின் கடைசி பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), உதவித்தொகை ஸ்டேட்மென்ட், உங்களுடைய சமீபத்திய பே ஸ்டப்கள் எல்லாம் கூடவே போகட்டும். பெரும்பாலான கல்லூரிகள் இதற்கென்று தனிப் படிவம் வைத்திருக்கும், அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். வேறு கல்லூரிகளிலும் இடம் கிடைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒரு கல்லூரியின் முடிவு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது.

கிடைக்கக்கூடிய பலன் சின்னதல்ல. நான்கு பேர் குடும்பத்துக்கு 52,000 டாலரை ஒட்டிய வருமானம் என்று அலுவலர் ஏற்றுக்கொண்டால், மத்திய அரசின் பெல் கிராண்ட் உதவித்தொகை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. திருப்பிக் கட்ட வேண்டாத அந்தப் பணம் 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலராக இருந்தது. மகளின் 5,500 கடனில் 3,500 வரை, படிக்கும் காலத்தில் அரசே வட்டியை ஏற்கும் கடனாக மாறலாம். கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் தொகையும் கூடலாம். நியூ ஜெர்சியின் 'டேக்' உதவித்தொகையைத் தருவது கல்லூரி அல்ல, ஹெசா என்ற மாநில அமைப்பு. வருமானம் போனதை அவர்களுக்கும் தனியாகத் தெரிவியுங்கள்.

ஒரே அலுவலகத்தில் இரண்டு பதில் வந்ததே என்று உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த அலுவலகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024-25 ஃபாஃப்சா அக்டோபரில் திறக்க வேண்டியது, 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. முதல் ஐந்து மாதங்களில் கல்வித் துறையின் உதவி மையத்துக்கு வந்த 54 லட்சம் அழைப்புகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கை யாரும் எடுக்கவில்லை என்று அரசுத் தணிக்கை அமைப்பே பதிவு செய்திருக்கிறது. 2025 மார்ச்சில் கல்வித் துறை தன் ஊழியர்களை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் கடன் விதிகளைப் பெரிய அளவில் மாற்றிவிட்டது. பெற்றோர் கடனுக்கு உச்சவரம்பு, புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்தியக் கடன் நிறுத்தம், முழுநேரம் படிக்காதவர்களுக்குப் படிக்கும் நேரத்துக்கேற்பக் குறையும் கடன், எட்டு முதல் பதினைந்து வாரத் தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் கிராண்ட் என எல்லாமே 2026 ஜூலை 1 முதல். கல்லூரி ஊழியர்கள் இவற்றை ஒரே நேரத்தில் படித்து, மென்பொருளை மாற்றி, உங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கென்று பயிற்சி இல்லாமல் இல்லை. மத்திய மாணவர் உதவி அலுவலகம் கையேடும் இணையவழிப் பாடங்களும் தருகிறது. 1966-இல் தொடங்கிய நாஸ்ஃபா என்ற அலுவலர் சங்கம் ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனிப் பயிற்சியும் சான்றும் வழங்குகிறது, புரொஃபஷனல் ஜட்ஜ்மென்டும் அதில் ஒரு பாடம். ஆனால் பல கல்லூரிகளில் ஃபோனை எடுப்பது அந்தப் பயிற்சி பெற்றவர் அல்ல. படித்துக்கொண்டே சம்பாதிக்கும் வொர்க்-ஸ்டடி திட்டத்தில் மணிக்கணக்குக்கு வேலை பார்க்கும் மாணவராகவே இருக்கலாம், உங்கள் மகள் வயதுப் பிள்ளை. அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அலுவலகத்துக்குப் பயிற்சிக்கான நேரமும் ஆளும் ஒதுக்க வேண்டியது கல்லூரி நிர்வாகம். அந்தச் செலவைச் சிக்கனம் பிடித்தால் விலை கொடுப்பது உங்களைப் போன்ற குடும்பங்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் "ஃபைனான்ஷியல் எய்ட் கவுன்சிலரிடம் நேரம் ஒதுக்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கி அவருக்கே மின்னஞ்சல் போடுங்கள்.

இப்போது பிளஸ். 38,000-இல் 11,500 போக மீதி 26,500. இதைப் பிளஸ் கடனால் அப்படியே நிரப்ப முடியாது. ஜூலை 1-க்குப் பிறகு புதிதாகச் சேரும் மாணவருக்காகப் பெற்றோர் இருவரும் சேர்ந்தே ஆண்டுக்கு 20,000, மொத்தமாக 65,000 டாலர்தான் வாங்கலாம். பிளஸ் கடனுக்கு உங்கள் வருமானத்தைப் பார்ப்பதில்லை, கடன் வரலாற்றில் பெரிய கரும்புள்ளி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். வேலை இல்லாதவருக்கும் கிடைத்துவிடும், நான் பயப்படுவது அதற்குத்தான். 2025-26-இல் வட்டி 8.94 சதவீதம். கடன் தரும்போதே 4.228 சதவீதம் கட்டணம் பிடிப்பதால் 20,000-க்குக் கையெழுத்துப் போட்டால் வருவது 19,154 டாலர். வரம்பு முழுவதையும், 65,000, அதே வட்டியில் வாங்கி 20 ஆண்டு கட்டினால் மாதம் சுமார் 580 டாலர், மொத்தம் ஏறத்தாழ 1,40,000 டாலர். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. ஜூலை 1-க்குப் பிறகு வாங்கும் பிளஸ் கடனுக்கு வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டமும் கிடையாது. கடன் உங்கள் பெயரில், மகள் நாளைக்குச் சம்பாதித்தாலும் சட்டப்படி அவள் பொறுப்பல்ல.

ரிவியூ முடிந்த பிறகும் பெரிய இடைவெளி இருந்தால், முதலில் விடுதியை விடுங்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரமென்றால் செலவில் கணிசமான பகுதி குறையும். அதுவும் போதாவிட்டால் உள்ளூர் கவுண்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்து, அசோசியேட் என்ற ஈராண்டுப் பட்டத்தோடு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அங்கே முடித்த பாடங்களின் கிரெடிட்டுகளை ஏற்றுக்கொள்ள நியூ ஜெர்சியில் மாநில ஒப்பந்தமே இருக்கிறது. நம் வீடுகளில் இதைக் கௌரவக் குறைச்சலாகப் பார்க்கிறோம், அதனால் அநியாயமாகக் கடன்படுகிறோம். 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே இருக்கும்வரை ஃபாஃப்சா அதைச் சொத்தாகப் பார்ப்பதில்லை. எடுத்தால் வரி உண்டு, வயதைப் பொறுத்து அபராதமும் உண்டு. இந்த ஆண்டு எடுப்பது 2028-29 ஃபாஃப்சாவில் வருமானமாகவும் வந்து நிற்கும்.

மதுரை வீட்டைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது தவறு. குடியிருக்கும் வீட்டை மட்டும்தான் காட்ட வேண்டாம். வேறு எந்த வீடும், எந்த நாட்டில் இருந்தாலும், வாடகை வந்தாலும் வராவிட்டாலும் சொத்துக் கணக்கில் வரும். இந்திய வங்கி டெபாசிட்டும் அப்படியே. வேண்டுமென்றே மறைத்தால் 20,000 டாலர் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ என்று படிவத்திலேயே இருக்கிறது. இத்தனைக்கும் பாதிப்பு எவ்வளவு? வீடு 60 லட்சம் பெறும் என்று வைத்துக்கொண்டால் கணவரின் பாதி 30 லட்சம், ஏறக்குறைய 33,000 டாலர். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் எஸ்.ஏ.ஐ.யில் ஏறும், அதாவது 1,900 டாலருக்குள். ஃபாஃப்சாவில் கையெழுத்திட்ட நாளில் இருந்த மதிப்பைப் போட்டு, லெட்டர் அனுப்பும் முன்பே திருத்திவிடுங்கள். ஒரு கையில் சலுகை கேட்டுக்கொண்டு மறு கையில் சொத்தை மறைத்த கோப்பை எந்த அலுவலரும் நம்ப மாட்டார்.

மகன் கல்லூரிக்குப் போகும்போது இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படிக்க நேர்ந்தால் எஸ்.ஏ.ஐ. எண் பாதியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். 2024-25 முதல் மத்தியக் கணக்கில் அந்தச் சலுகை இல்லை.

எச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்பவர்களுக்கும் இரண்டு வரி. பிள்ளை அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ என்றால் பெற்றோரின் விசா தடையல்ல, தாராளமாக ஃபாஃப்சா போடலாம். பிளஸ் கடன் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. அந்தக் காரணத்தைக் காட்டிப் பிள்ளையின் பெயரில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் கூடுதல் கடன் கேட்கலாம், அனுமதிப்பது நிதியுதவி அலுவலரின் முடிவு.

இடத்தை உறுதிசெய்யக் கட்டும் டெபாசிட்டுக்குக் கல்லூரியின் கடைசித் தேதி மே 1 என்றால், ரிவியூ அதற்குள் முடியாமல் போகலாம். லெட்டரோடு சேர்த்து அட்மிஷன் அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உதவித்தொகை மறுபரிசீலனையில் இருப்பதால் டெபாசிட்டுக்கு அவகாசம் வேண்டும் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.