ஒரு மாதத்தில் பைதன் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன். கம்ப்யூட்டரைத் தொட்டது ஸ்கூலில் மட்டும்தான். டவுனில் ஒரு வகுப்பில் 30 நாளில் பைதன் என்ற கம்ப்யூட்டர் மொழியை முடித்துத் தருகிறோம், வேலைக்கும் போகலாம் என்கிறார்கள். கட்டணம் அம்மாவின் ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு வருகிறது. ஒரு மாதத்தில் உண்மையிலேயே படிக்க முடியுமா? என்னிடம் போன் மட்டும்தான் உண்டு. இங்கிலிசும் குறைவு. பைதனை விட்டுவிட்டு ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழியில் தொடங்கு என்று நண்பன் ஒருவன் சொல்கிறான். எதைக் கேட்பது?

க.

அன்புள்ள தம்பி,

முடியும். தினமும் ஒரு மணி நேரம் விடாமல் உட்கார்ந்தால், முப்பதாவது நாள் நீங்களாகவே யோசித்து ஒரு சின்ன நிரலை (புரோகிராமை) எழுதி ஓட்டிவிடுவீர்கள். வேலைக்குப் போகிற அளவுக்கு அது காணாது. அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் காசு கேட்கிறவர்களிடம் அம்மாவின் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

சீக்கிரம் படிக்க நான் கண்ட வழி ஒன்றுதான். வீட்டில் கிடக்கிற ஒரு கணக்கை எடுத்து, அதையே திரும்பத் திரும்ப எழுதிப் பெரிதாக்குவது.

என் முதல் நிரல் அம்மாவின் கொழுந்துக் கணக்கு. மூன்று நிறுவையிலும் எத்தனை கிலோ என்று அம்மா வந்து சொல்ல, நான் இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து கொப்பியில் எழுதுவேன். மாத முடிவில் சம்பளத் துண்டில் இருக்கும் பேரும் (முழு நாள் வேலைக் கணக்கு) எங்கள் கொப்பியில் இருக்கும் பேரும் ஒத்துப்போகாது. அந்தக் கோபத்தில்தான் நிரல் எழுத உட்கார்ந்தேன். காலையில் 7, பகலில் 6, மாலையில் 8. மூன்றையும் வாங்கிக் கூட்டச் சொன்னேன். திரையில் 768 என்று வந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கொழுந்து எந்த மலையில இருக்கு?" என்று கேட்டார்.

காரணம் பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது. பைதனில் இன்புட் என்ற கட்டளை மூலம் நாம் எதைத் தட்டினாலும் அது எழுத்தாகத்தான் உள்ளே போகும். எழுத்தைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கும். ஒவ்வொன்றையும் இன்ட் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக மாற்றியதும் 21 வந்தது. எழுத்தா எண்ணா என்று வகை பிரிக்கும் டேட்டா டைப் என்ற பாடத்தை அதற்கு முன்பே இரண்டு தடவை வாசித்திருந்தேன், மனதில் நிற்கவில்லை. 768க்குப் பிறகு இன்றுவரை மறக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அதே கணக்கு இருக்கும். 18 கிலோ எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் தோட்டத்து எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்). அதை எழுத இஃப், எல்ஸ் வேண்டும். மாதம் முழுவதும் எடுத்த கிலோவை வரிசையாக வைக்க லிஸ்ட். ஒவ்வொரு நாளாகப் பார்த்துக் கூட்ட ஃபோர் லூப். நிறுவைக்கு நிறுவை சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிறார்களே, அதை ஒரு ஃபங்ஷனாக எழுதி மூன்று இடத்திலும் கூப்பிடலாம். பக்கத்துக் காம்பரா (லயன் அறை) அக்கா தன் கணக்கையும் போடச் சொன்னால், ஆள் வாரியாகப் பிரித்து வைக்க டிக்ஷனரி. கடைசியில் ஃபைலில் சேமிப்பது. முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று யாராவது ஆரம்பித்தால் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கிலிசை நினைத்துப் பயப்பட வேண்டாம். பைதன் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தம் 35. தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் வேலை நடக்கும். எண்ணையோ எழுத்தையோ போட்டு வைக்கிற வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கிலோ, பேர், கழிவு என்று தமிழ் எழுத்தில் அடித்தாலும் பைதன் 3 ஏற்றுக்கொள்ளும். அப்புறம் மற்றவர்களோடு சேர்ந்து எழுதும்போது ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இங்கிலிஸ் உண்மையில் தேவைப்படுவது எரர் வரும்போதுதான். சிவப்பாக நாலைந்து வரி வந்ததும் பலர் போனை மூடிவிடுகிறார்கள். கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன தவறு என்று அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே எத்தனையாவது வரி என்று இருக்கும். நேம் எரர் என்றால் பெரும்பாலும் பெயரை ஓர் எழுத்து மாற்றி அடித்திருப்பீர்கள். இன்டென்டேஷன் எரர் என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி சரியில்லை. ஒவ்வொரு எரரையும் அது எப்படித் தீர்ந்தது என்பதையும் தமிழில் கொப்பியில் எழுதி வையுங்கள். பத்து நாளில் அந்தக் கொப்பி எந்தப் புத்தகத்தையும் விட உதவும்.

போன் போதும். ஆண்ட்ராய்டு போன் என்றால் பைட்ராய்டு 3 என்ற ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். மழை நாளில் சிக்னல் போய்விட்டாலும் படிப்பு நிற்காது. பழைய கீபோர்டு ஒன்று கிடைத்தால் ஓடிஜி வயரில் போனோடு மாட்டிக்கொள்ளலாம், கைக்கு எவ்வளவோ சுகம். நிரலைக் கையால் அடித்தே பழகுங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்ட் ஃபைலிலோ வந்ததை எடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள் குறிக்குப் பதில் வளைந்த குறி வந்துவிடும். பைதன் அதை ஏற்காது, நீங்களோ தவறு எங்கே என்று பாதி நாள் தேடுவீர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் தொடங்கச் சொல்கிற நண்பன் சொல்வதும் பிழை இல்லை. 1995இல் பிரவுசருக்குள் ஓடுவதற்கென்றே வந்த மொழி அது. வெப் பக்கம் செய்ய வேண்டும் என்றால் என்றோ ஒரு நாள் அதைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பைதன்தான் சொல்வேன். எழுத்தாக உள்ள 7ஐயும் எண்ணாக உள்ள 6ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றும் பேசாமல் 76 என்று ஒட்டிக் கொடுத்துவிடும். பைதன் டைப் எரர் என்று அங்கேயே நிறுத்திவிடும். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத உங்களுக்கு அந்த நிறுத்தம் வேண்டும். எதை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

வகுப்பு வேண்டும் என்றால், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் பைதன் தொடக்கப் பாடத்தை இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். பிறகு காசு கட்டிப் படிக்க நினைத்தாலும், என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா, தினமும் மெஷினில் உட்கார விடுவார்களா என்று இரண்டையும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

இந்த மாதம் அம்மா எடுக்கிற கிலோவை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். சம்பளத் துண்டு வந்ததும் உங்கள் நிரல் சொல்கிற பேரும் அதில் இருக்கிற பேரும் ஒன்றா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா