ஓட்டும் இல்லை, படையும் இல்லை, பிறகு எதற்கு?

கேள்வி: உலக அரசியலில் குடிமைச் சமூகத்தின் பங்கு பெரியது என்று எழுதுகிறீர்கள். ஓட்டு வாங்காத, படை இல்லாத தொண்டு நிறுவனங்கள் வல்லரசுகளை என்ன செய்துவிட முடியும்?

பதில்: தொண்டு நிறுவனம் மட்டும்தான் குடிமைச் சமூகம் என்று யார் சொன்னது? அரசும் நடத்தாமல், லாபத்துக்காகவும் இல்லாமல், மக்கள் தாங்களாகவே ஒரு பொதுக் காரியத்துக்காகக் கூடினால் அது குடிமைச் சமூகம். தொழிற்சங்கம், மருத்துவர் சங்கம், பெண்கள் அமைப்பு எல்லாம் இதில் சேர்த்தி. 1977இல், அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியிடம் ‘எங்கள் பிள்ளைகள் எங்கே?’ என்று தலைநகரின் சதுக்கத்தில் வந்து நின்ற தாய்மாரும்தான். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் நாலு அலுவலகம் என்று இதைச் சுருக்கிக் காட்டுவது, கேள்வி கேட்பவர்களைப் பிடிக்காத அரசுகள் செய்கிற வேலை. அதை நீங்களும் செய்யாதீர்கள்.

சரி, என்ன சாதித்தார்கள்? கண்ணிவெடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து, இதை அடியோடு தடை செய்யுங்கள் என்று கிளம்பின. கால் இழந்தவர்களே மாநாடுகளுக்கு வந்து பேசினார்கள். ஐ.நா. வழியாக நடந்த பேச்சு 1996இல் முழுத் தடைக்கு வராமலே முடிந்தது. அப்புறம் கனடா முன்வந்தது. இயக்கத்தாரும் பேச்சுவார்த்தை அறைக்குள் உட்கார்ந்தார்கள். 1997 டிசம்பரில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் 122 நாடுகள் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இந்தியாவும் போடவில்லை. இருந்தும், சேர்ந்த நாடுகள் கிடங்கில் வைத்திருந்த 5 கோடிக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை அழித்திருக்கின்றன.

ஓட்டு வாங்காதவர்கள்தான். சட்டம் போடுவதும் அவர்கள் இல்லையே. ஆதாரத்தைக் காட்டி, ஓட்டு வாங்கியவர்களைப் பதில் சொல்ல வைக்கிறார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களைக் கேட்டே ஆக வேண்டும். ஆயுதம் விற்பவர்களையும் அதே கறாரோடு கேளுங்கள்.

ரஷ்யாவுக்கு அஞ்சி பின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் (எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா) 2025இல் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. குடிமைச் சமூகத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம். ஆனால் விலகுகிற அரசு மற்ற உறுப்பு நாடுகளுக்கும் ஐ.நா. பாதுகாப்பு சபைக்கும் காரணத்தை எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் முடியும்போது அந்த நாடே போரில் ஈடுபட்டிருந்தால், போர் முடியும்வரை விலகவே முடியாது. அரசுகளுக்கு இந்தக் கடிவாளத்தைப் போட வைத்தது, படை இல்லாத அந்த அமைப்புகள்தான்.