சட்ட ஆலோசனை: கசிவை அடைக்கக் கொடுத்த காரை ஒர்க்‌ஷாப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். ஆறு வருடம் முன்பு 2008 மாடல் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு சீட், எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். போர்டிகோ டைல்ஸில் தினமும் காலையில் ஆயில் சொட்டு, டிக்கி கம்பளத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஈரம். பெங்களூருவில் இந்த மாதிரிக் கார்களுக்கென்றே உள்ள ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். 1,85,000 ரூபாய் ஆகும் என்று வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. முடிவில் பில் 3,40,000. 1,90,000 வங்கி மூலமும், 60,000 உரிமையாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கும் கொடுத்தேன். அந்த 60,000க்கு ரசீது இல்லை. ‘மீதி 90,000த்தை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்’ என்று வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். கோவைக்கு வரும் வழியில் சங்ககிரி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறி, எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. எட்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். பின்பக்கம் முழுக்க ஆவி. ரெக்கவரி வண்டியில் ஏற்றி அதே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். இப்போது ஹெட் கேஸ்கட் (எஞ்சினுக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, 4,75,000 ஆகும், பழைய கார் என்றால் அப்படித்தான் என்கிறார்கள். பழைய பாக்கி 90,000 வராமல் வண்டி வெளியே போகாது, பார்க்கிங் நாளுக்கு 500 என்று வேறு. ஜாப் கார்டின் பின்னால் ‘பழைய வாகனங்களுக்கு வாரண்டி இல்லை, பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு கல்யாண போட்டோ ஷூட் வாடகை 40,000 ரூபாயும் போயிற்று. போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: முதலில் இன்றே ஒரு வேலை. அந்த ஒர்க்‌ஷாப்புக்கு மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் இரண்டு வரி அனுப்புங்கள்: ‘என் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் எஞ்சினைத் திறக்கக் கூடாது. இதுவரை கழற்றிய பழைய பாகங்கள் எதையும் தூக்கிப் போடக் கூடாது.’ மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த எஞ்சின். ஹெட்டைக் கழற்றி சுத்தம் செய்து புது கேஸ்கட் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி வாய் திறக்காது.

‘பணம் வாங்கினார்கள், இன்னும் கசிகிறது’ என்று மட்டும் எழுதிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தோற்றுப்போக நிறைய வாய்ப்பு உண்டு. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பதினேழு வருடம் ஓடிய காரில் ரப்பர் சீல் இறுகும், பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க் வெடிக்கும், ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் ஊறும். இதெல்லாம் இயல்பு, அதற்கு யார் மேலும் பழி போட முடியாது. அவர்கள் கையில் எடுத்த அதே இடத்தில் மறுபடி கசிந்தால் அது குறைபாடு. அவர்கள் தொடாத இடத்தில் கசிந்தால், பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க வேண்டியதா என்பது தனி வாதம்; கொஞ்சம் பலவீனமானது. அவர்கள் வேலை செய்த விதத்தாலேயே புதுச் சேதம் வந்திருந்தால், காரின் வயது அவர்களைக் காப்பாற்றாது. உங்களுடையது இந்த மூன்றாவது வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பில்லை நிதானமாகப் படித்தேன். வால்வ் கவர் கேஸ்கட், கிராங்க்‌ஷாஃப்ட் பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், கூலன்ட் டேங்க் என்று வரிசையாகப் போகிறது. ஏழாவது வரி: ‘கூலன்ட் 8 லிட்டர்’. கார் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்பதால், எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால் இருக்கும் கார் இது. இரண்டுக்கும் நடுவில் நீளமான குழாய்கள். மொத்தம் சுமார் 20 லிட்டர் பிடிக்குமாம். சாதாரண சின்னக் காரில் நான்கைந்து லிட்டர் போதும். வாட்டர் பம்பைக் கழற்றி மாட்டியபின் உள்ளே காற்று தங்காமல், வேக்குவம் வைத்து நிரப்ப வேண்டும்; பிறகு பிரஷர் ஏற்றி, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுக் குமிழ் உள்ளே நின்றால் அந்த இடத்தில் அலுமினிய ஹெட் சூடேறி வளைந்து, கேஸ்கட் போய்விடும். உங்கள் பில்லில் வேக்குவம் ஃபில்லும் இல்லை, பிரஷர் டெஸ்ட்டும் இல்லை.

உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். ‘நாங்கள் வாங்கியது கெட்டிக் கூலன்ட், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து 16 லிட்டர் ஆக்கினோம், மீதி குழாயிலேயே நின்ற பழையது’ என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும், அதை ஆணையத்தில் எழுத்தில் சொல்லட்டும். வேலையைச் சரியாக முடித்தோம் என்பதற்கு அவர்களிடம் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையாகும்.

அப்புறம், வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் விஷயம். வேலை செய்தவருக்குக் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 தரும் பற்றுரிமை அது. அந்தப் பிரிவுக்குக் கீழேயே இரண்டு உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை நகைத் தொழிலாளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டு தைக்கத் துணி வாங்கிய தையல்காரர், தைத்து முடித்ததும் தருகிறேன், காசுக்கு மூன்று மாதம் தவணை என்று ஒப்புக்கொண்டிருந்தால், கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. ‘ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்’ என்று சொன்ன உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் அந்தத் தையல்காரர்தான். வண்டியும் ஒருமுறை அவர் கையை விட்டுப் போய்விட்டது. பற்றுரிமை என்பது பொருள் கையில் இருக்கும்வரைதான். வேறு காரணத்துக்காக அது திரும்பி வந்தவுடன் பழைய பாக்கிக்கான உரிமை உயிர் பெறாது என்பது நம் வலுவான வாதம். பார்க்கிங் கட்டணமோ இன்னும் மோசம். பிரிவு 170 சொல்வது செய்த வேலைக்கான கூலியை. நிறுத்தி வைத்ததற்கான வாடகையை அல்ல. ஜாப் கார்டில் 500 ரூபாய் என்று எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

இவ்வளவு வாதம் இருக்கிறது என்பதற்காக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை எடுத்துவிடாதீர்கள். அன்றைக்கே வழக்கு உங்கள் மேல் திரும்பும். பெட்டிஷனோடு சேர்த்து இடைக்கால உத்தரவு கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38(8) அதற்கு இடம் தருகிறது. 90,000 ரூபாயை ஆணையத்தில் கட்டுகிறேன், இரு தரப்பு முன்னிலையில் நிபுணர் பார்த்தபின் வண்டியை விடச் சொல்லுங்கள் என்று கேட்பது நியாயமாகத் தெரியும். மழைக்காலம், உங்கள் காருக்குத் துணிக் கூரை, அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதி, வங்கி மூலம் கட்டி எடுத்துவாருங்கள். ஜிபேயில் மறுபடி வேண்டாம்.

எஸ்டிமேட் 1,85,000, பில் 3,40,000 என்பதில் உங்களுக்குக் கோபம் நியாயம். ஆனால் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களில் ஒன்று உறுத்துகிறது. ‘ரியர் சீலும் போயிருக்கு சார், மாத்திடலாமா?’ என்று அவர் கேட்க, ‘பார்த்துப் பண்ணுங்க’ என்று போட்டு ஒரு கட்டைவிரலும் காட்டியிருக்கிறீர்கள். நம் ஊரில் அதற்கு ‘செலவு கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றும் பொருள், ‘செய்யுங்கள்’ என்றும் பொருள். எதிர்த் தரப்பு வக்கீல் இரண்டாவதைத்தான் எடுப்பார். அதனால் சீல் செலவைக் கேள்வி கேட்காமல், அனுமதி கேட்காமலே சேர்த்த மற்ற வேலைகளை மட்டும் மறுப்பது நல்லது.

ரசீது இல்லாத 60,000 உங்களுக்கு மைனஸ் என்று நினைத்திருக்கிறீர்கள். உண்மையில் அவர்களுக்குத்தான் தலைவலி. சேவைக்குப் பில் தராமல் இருப்பதையே அதே நுகர்வோர் சட்டம் பிரிவு 2(47)இல் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று நீங்களும் தலையாட்டினீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், தலையாட்டியிருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்று பிரிவு 34(2) சொல்கிறது, ஆகவே கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். ஜாப் கார்டின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்த வாசகம் சட்டம் தந்த அந்த உரிமையைப் பறிக்காது. ‘வாரண்டி இல்லை’ என்பதும் அப்படித்தான்: மாற்றிய சீல் இரண்டு வருடம் வரும் என்று அவர் உத்தரவாதம் தரவில்லை, சரி, கவனமாக வேலை செய்யும் கடமையிலிருந்து அது விடுதலை தராது. எந்த ஆணையம் விசாரிக்கலாம் என்ற பண வரம்பு நீங்கள் கொடுத்த தொகையை வைத்துத்தான் கணக்கிடப்படும், காரின் விலையை வைத்து அல்ல. கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு வருடம். எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேற்கொண்டு 15 நாள்தான் நீட்டிப்பு. அதைத் தாண்டி ஆணையமே நினைத்தாலும் தர முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்த்துவிட்டது. தீர்ப்பு மூன்று முதல் ஐந்து மாதத்தில் வர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

போட்டோ ஷூட் வாடகை 40,000 ரூபாயைக் கோரிக்கையில் சேர்க்கவே கூடாது. வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்ல என்று அவர்கள் கிளப்புவார்கள். அதை நிரூபிக்க வேண்டியது எதிர்த் தரப்புதான் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், நீங்களே ‘வாடகை போயிற்று’ என்று எழுதிக்கொடுத்தால் அவர்களுக்கு நிரூபிக்க என்ன மிச்சம்? தவிர, வெள்ளை நம்பர் பலகையுள்ள சொந்தக் காரை வாடகைக்கு விடுவது தனிச் சிக்கல். கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், எப்போதோ இரண்டு முறை என்பது உண்மை. ஆனால் அதற்கு நஷ்டஈடு கேட்காதீர்கள். 2008 மாடல் என்பதால் பதினைந்து வருடப் பதிவு முடிந்திருக்கும், ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்றும் பாருங்கள்.

எட்டு கிலோமீட்டர் ஓட்டியதை மறைக்க நினைக்காதீர்கள். விளக்கு எரிந்தபின் ஓட்டியதால் சேதம் கூடியது என்பது அவர்களின் முதல் பதிலாக இருக்கும், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. நஷ்டஈட்டில் ஒரு பகுதி இதற்காகக் குறையலாம். சுங்கச் சாலையில் ஓரம் கட்டப் பயந்து அடுத்த பங்க் வரை போனேன் என்று நீங்களே மனுவில் எழுதிவிட்டால் அவர்களுக்கு அதில் சுவாரஸ்யம் இருக்காது.

நிபுணருக்கு உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவர், அல்லது பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் நல்லது. போட்டி ஒர்க்‌ஷாப்காரரின் கடிதம் வேண்டாம், அது பொறாமை என்று ஒதுக்கப்படும். ஹெட்டைத் திறக்கும் முன் ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோடுகளை (பழுதுக் குறியீடுகளை) பதிவு செய்யச் சொல்லுங்கள். திறந்தபின் ஹெட்டின் மேல் நேர்கோல் வைத்து, வளைவை அளந்து படம் எடுக்க வேண்டும். எல்லாம் இரு தரப்பு முன்னிலையில். வர மறுத்தால், அழைத்த கடிதம் உங்களிடம் இருக்கும்.

போலீஸ் வேண்டாம். நம்பிக்கை மோசடி என்று எழுதிக் கொடுத்தாலும் ‘சிவில் விவகாரம்’ என்று முடித்துவிடுவார்கள், அந்தக் காகிதத்தை எதிர்த் தரப்பு எடுத்துக் காட்டும். இன்ஷூரன்ஸும் உதவாது, தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டவை.

கோர வேண்டியவை: பலன் தராத வேலைக்கான பணம், ஹெட் வேலையை வேறு இடத்தில் செய்ய ஆகும் நியாயமான செலவு, ரெக்கவரி வண்டிக் கூலி, மன உளைச்சலுக்கு ஓரளவு, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு 20 லட்சம் என்று போட்டால் மற்ற கணக்கையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

கடைசியாக, பங்க்கில் ஆவி பறந்ததை எடுத்த வீடியோ பழைய போனில் இருப்பதாகவும், தீபாவளி ஆஃபரில் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப்போவதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்; ஒரு பகுதியில் நீங்களும் இன்னொன்றில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அவருக்குக் காட்ட அந்தப் போன் வேண்டும். ரீசெட்டும் பண்ணாமல் சார்ஜ் போட்டு பீரோவில் வையுங்கள்.